போட்டியை நிறுத்திய ஃபிகர் ஸ்கேட்டர் சென்னையில் வேலை தொடங்குவது எப்படி

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் போட்டி வாழ்க்கை சீக்கிரம் முடிந்துவிடும். இருபத்தைந்து வயதுக்குள் பலர் விலகிவிடுகிறார்கள். சம்பாதிக்க வேண்டிய காலம் முழுக்க அதற்குப் பிறகுதான் இருக்கிறது. வெளிநாடுகளில் இதற்குப் பழகிய பாதைகள் உண்டு. பிரையன் ஆர்சர் 1988-ல் போட்டியை விட்டார். பின்னாளில் பயிற்சியாளராகி கிம் யூனாவை 2010-லும், யுசுரு ஹன்யூவை 2014, 2018-லும் ஒலிம்பிக் தங்கம் வரை கொண்டுபோனார். டாரா லிப்பின்ஸ்கியும் ஜானி வெய்ரும் வர்ணனைக்குப் போனார்கள். 1956-ல் தங்கம் வென்ற டென்லி ஆல்பிரைட் அறுவை மருத்துவரானார். மாவோ அசாடா 2024-ல் டோக்கியோவின் டச்சிகாவா நகரில் தன் பெயரிலேயே ரிங்க் திறந்தார்.

சென்னையில் கணக்கு வேறு. சர்வதேச அளவான 60க்கு 30 மீட்டர் ஐஸ் ரிங்க் இங்கே இல்லை. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகக் கட்டிய ஹிமாத்ரி ரிங்க் டேராடூனில் இருக்கிறது. ஆகவே ஐஸில் பழகியவரானாலும் ரோலரில், அதாவது சக்கர ஸ்கேட்டில், ஆர்ட்டிஸ்டிக் செய்தவரானாலும், இந்த ஊரில் மாதாமாதம் வருமானம் தரக்கூடிய இடம் சக்கரத்தின் மேல்தான். அதில் உங்கள் முதலீடு ஜம்ப் இல்லை. எட்ஜும் (ஸ்கேட்டை உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்த்து வளைவில் போவது), அடுத்தவர் காலில் அந்த எட்ஜ் எங்கே தவறுகிறது என்று பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் கண்ணும்தான். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டையும் வேலையாக மாற்றும் வழி.

விலகும் முன் வாங்க வேண்டியவை

கடைசிப் போட்டி முடிந்த கையோடு சான்றிதழ் வேலையை முடித்துவிடுங்கள். மெடலும் பங்கேற்புச் சான்றிதழும் மட்டும் போதாது. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குக் குறிப்பிட்ட படிவங்கள் கேட்பார்கள்: நாட்டுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பள்ளித் தேசியப் போட்டிக்குப் படிவம் 4. படிவம் 1-ல் தேசிய சம்மேளனமும், 2-ல் மாநிலச் சங்கமும் கையெழுத்திட வேண்டும். நிர்வாகிகள் மாறுவார்கள், பழைய பதிவேடு தேடினாலும் கிடைக்காது. ஐந்து வருடம் கழித்து ஒரு கையெழுத்துக்காக அலைபவர்கள் நிறையப் பேர். சான்றிதழில் உங்கள் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஆதாரில் உள்ளது போலவே இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

கூடவே போட்டி வீடியோக்களை முழு நிகழ்ச்சியாக, வெட்டாமல், தேதியும் போட்டிப் பெயரும் போட்டுச் சேமியுங்கள். பள்ளி வேலைக்கும் ஷோ வேலைக்கும் முதலில் கேட்பது அதைத்தான்.

உடம்பை நிறுத்தாமல் இறக்குவது

பயிற்சியைத் திடீரென்று விட்டால் முதலில் முழங்காலும் இடுப்பும் பேசும். ஜம்பில் எத்தனை விதத்தில் கிளம்பினாலும், எதிர்க்கடிகாரச் சுழற்சிக்காரர் பெரும்பாலும் வலது காலின் பின் வெளி எட்ஜிலேயே, அதாவது பின்னோக்கி ஓடும் வெளி எட்ஜிலேயே, இறங்கியிருப்பார். பல வருடம் ஒரே கால் வாங்கிய அடி அது. தொடைத் தசை இளகியதும் அந்த முழங்கால் மட்டும் தனியாக வலிக்கத் தொடங்கும்.

முதல் இரண்டு மாதம் ஜம்ப் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடுத்த இரண்டு மாதம் கால்வாசி. தசைப் பயிற்சியை மட்டும் குறைக்கக் கூடாது: வாரம் இரண்டு நாள், ஒற்றைக் கால் ஸ்குவாட், பிட்டத் தசை, கெண்டைக்கால். பலம் குறைந்த காலுக்கு ஒரு செட் கூடுதல். எடையைக் கட்டுப்படுத்தி வாழ்ந்த பெண்களுக்கு மாதவிடாய் நின்றோ தள்ளியோ போயிருந்தால், எலும்பு அடர்த்தி குறைந்திருக்க வாய்ப்புண்டு. கான்கிரீட்டில் இறங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

பயிற்சியாளராக நீங்கள் செய்து காட்ட வேண்டியது எட்ஜ், த்ரீ டர்ன் (ஒரே காலில் முன்னோக்கியிலிருந்து பின்னோக்கித் திரும்புவது), வால்ட்ஸ் ஜம்ப், சிங்கிள் சால்கோ ஜம்ப், ஒரு நிமிர்ந்த ஸ்பின். காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றும் டபுளைக் கான்கிரீட்டில் செய்து காட்ட வேண்டிய தேவை எந்த வகுப்பிலும் வராது.

ஐஸிலிருந்து சக்கரத்துக்கு

ஐஸ்காரருக்கு எளிய வழி, மூன்று சக்கரமும் முன்னால் ரப்பர் பிக்கும் உள்ள இன்லைன் ஃபிரேம். நடுச் சக்கரம் சற்றுக் கீழே இருப்பதால் பிளேடின் வளைவு போலவே காலுக்குத் தெரியும். ஸ்பின்னும் ஜம்பும் அதே நேரக் கணக்கில் வரும். பழைய பூட்டில் மாட்டுங்கள். நல்ல பூட்டில் திருகு துளைகளைக் கூட்டினால் அடித்தோல் பிளந்து, பிறகு பிளேடும் நிற்காது.

ஆனால் சென்னையில் உங்களிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் குவாடில்தான், அதாவது முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு சக்கரமுள்ள ஸ்கேட்டில்தான், வருவார்கள். ஆகவே குவாடை நீங்களும் கற்க வேண்டும், அதற்கு மூன்று மாதமாவது கொடுங்கள். பிளேடில் எடையைப் பாதத்தின் முன்பந்தில் வைத்துத் திரும்பிய பழக்கம் குவாடின் முன்னால் உள்ள ரப்பர் தடுப்பான டோ ஸ்டாப்பைத் தரையில் தட்டி முகம் குப்புறத் தள்ளும். எடை இங்கே பாதத்தின் நடுவில். ஐஸில் பிளேடைச் சறுக்கி நிற்பது போலச் சக்கரத்தைச் சறுக்க முயன்றால் சக்கரம் பிடித்துக்கொள்ளும். பின்காலை டி வடிவில் இழுத்து நிறுத்தும் முறையை முதல் நாளே பழகுங்கள். டோ லூப், ஃபிளிப் ஜம்ப்களில் பிளேடு முனையின் பல்லான பிக் ஐஸில் குத்திக்கொள்ளும். டோ ஸ்டாப் குத்தாது, உராய்வில் நிற்கும். காலை ரொம்பப் பின்னால் நீட்டி வைத்தால் வழுக்கிவிடும், உடம்புக்கு அருகில் வைக்க வேண்டும்.

பெயர்களும் கொஞ்சம் மாறும். ஐஎஸ்யு (சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம்) ஆய்லர் என்று குறிக்கும் அரை லூப்பை ரோலரில் தோரன் என்பார்கள். ஹீல் கேமல், புரோக்கன், இன்வர்ட்டட் போன்ற ஸ்பின்கள் ரோலருக்கே உரியவை. சொல்லிக்கொடுக்காவிட்டாலும் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும்.

தரை

தரையில் வரைந்த கோட்டின் மேலேயே ஓடிப் பழகும் ஃபிகர்ஸ் வட்டத்தின் விட்டம் 6 மீட்டர், லூப் வட்டத்துக்கு 2.4 மீட்டர். ஒன்றையொன்று தொடும் இரண்டு பெரிய வட்டங்களுக்கு 12க்கு 6 மீட்டர் வேண்டும். சுற்றிலும் 2 மீட்டர் விட்டால் 16க்கு 10. இதற்குக் குறைவான இடத்தில் எட்ஜ் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓஎம்ஆர் அடுக்ககங்களில் காட்டப்படும் பேஸ்மென்ட் பார்க்கிங் மழைக்கு வசதிதான், ஆனால் தூண்களுக்கு நடுவே இந்த அளவு அபூர்வம். தூண் இருந்தால் ஒரு ஆள் உயரத்துக்கு மெத்தை கட்டாமல் வகுப்பு எடுக்கக் கூடாது.

வட்டம் போடும் முறை: நடுவில் ஒருவர் நீளாத கயிற்றின் முனையைப் பிடிக்க, 3 மீட்டரில் சாக்பீஸைக் கட்டிச் சுற்றுங்கள். இரண்டாவது மையம் முதல் மையத்திலிருந்து சரியாக 6 மீட்டர். நைலான் கயிறு இழுபடும், வட்டம் முட்டையாகும். சணல் கயிறோ மெல்லிய கம்பியோ நல்லது. நிரந்தரப் பெயின்ட் அடிக்க அனுமதி கிடைத்தால் கோடு மெல்லியதாக இருக்கட்டும். தடித்த பெயின்ட் மேல் சக்கரத்தின் பிடிப்பு மாறி, சரியாகக் கோட்டிலேயே போகும் பிள்ளைதான் வழுக்கி விழும்.

காலை ஆறு மணிக்குத் திறந்தவெளித் தரையில் பனி ஈரம் இருக்கும், மார்கழியில் நன்றாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கை இழுபடாமல் வழுக்கினால் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஈரமான மொசைக்கில் வகுப்பே வேண்டாம்.

பிள்ளையின் ஸ்கேட்டை முதலில் பாருங்கள்

பாதிப் பிரச்சினை காலில் இல்லை, ஸ்கேட்டில் இருக்கிறது. இதைப் பொறுமையாகச் செய்யும் கோச்சுக்கு ஊரில் தனி மதிப்பு உண்டு.

பூட்டின் அளவு முதல் விஷயம். "வளர்ற பிள்ளை" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி வருவார்கள். குதிகால் உள்ளே எழும்பும், கணுக்கால் உள்பக்கம் சாயும், வெளி எட்ஜ் ஒருநாளும் வராது. மெல்லிய சாக்ஸோடு நின்று பார்த்தால் விரலுக்கு முன்னால் அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். நீட்டிச் சுருக்கும் அட்ஜஸ்டபிள் ஸ்கேட்டில் நிற்கவும் உருளவும் பழகலாம். எட்ஜுக்கு அது உதவாது.

அடுத்தது டிரக், அதாவது தட்டுக்கு அடியில் சக்கர அச்சைத் தாங்கும் பாகம். தட்டைச் சாய்த்தால் சக்கரங்கள் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், குவாடில் எட்ஜ் என்பதே அதுதான். ஸ்கேட்டைத் தலைகீழாக மடியில் வைத்து, முன் டிரக்கைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். அசைந்து, விட்டதும் நடுவுக்குத் திரும்ப வேண்டும். கல் போல நின்றால் இறுக்கம் அதிகம். கடகடவென்று ஆடினால் தளர்ச்சி. லாக் நட்டைத் தளர்த்தி, டிரக்கின் நடு ஆணியான கிங்பின்னைக் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி லாக் நட்டை இறுக்கிப் பாருங்கள். முன் டிரக்குக்குச் செய்ததையே பின் டிரக்குக்கும், மற்ற ஸ்கேட்டுக்கும் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் வித்தியாசப்பட்டால் நேராகப் போகவே பிள்ளை திணறும்.

புதுப் பிள்ளை ஆடுகிறது என்று டிரக்கை முழுக்க இறுக்கிவிடுவது பரவலாக நடக்கும் தவறு. ஆட்டம் நிற்கும், உண்மைதான். ஆனால் காலால் சாய்க்க முடியாததால் பிள்ளை இடுப்பை மடித்து உடம்பைச் சாய்த்துத் திரும்பப் பழகிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு வருடம் ஆகும். 30 கிலோவுக்குள் உள்ள பிள்ளைக்கு இறுக்கத்தைக் கூட்டுவதை விட டிரக்கில் உள்ள ரப்பர் குஷனை மென்மையானதாக மாற்றுவதே சரி.

வீலில் விதி எளிது: வழுக்கும் தரைக்கு மென்மை, பிடிக்கும் தரைக்குக் கடினம். வீலின் கடினத்தை 'ஏ' எண்ணில் சொல்வார்கள், எண் கூடினால் கடினம் கூடும்: கரடான வெளித்தரைக்கு 80ஏ–85ஏ, மெருகேற்றிய தரைக்கு 90ஏ–93ஏ, நல்ல பிடிப்புள்ள சீரான கான்கிரீட்டில் ஸ்பின் பழக 95ஏ-க்கு மேல். வீல் நட்டை இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்துங்கள். வீலைப் பிடித்து ஆட்டினால் மயிரிழை அசைவு தெரிய வேண்டும்.

ஒரு ஜோடிக்கு 16 பேரிங். 8 மில்லிமீட்டர் அச்சுக்கு 608, 7 மில்லிமீட்டர் அச்சுக்கு 627. இரண்டின் வெளி விட்டமும் 22 மில்லிமீட்டர்தான், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 7 மில்லிமீட்டர் அச்சில் 608-ஐப் போட்டால் உள்ளே ஏறிவிடும், ஆனால் வீல் தள்ளாடும். கடையில் பழைய பேரிங்கில் பொறித்த எண்ணைக் காட்டி வாங்குங்கள். பெசன்ட் நகர், நீலாங்கரை போன்ற கடலோர இடங்களில் உப்புக் காற்றில் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை கழற்றி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியை இழுத்துப் பசையாகிவிடும்.

முதல் மூன்று மாதம்

ஒரு கோச்சுக்கு எட்டுப் பிள்ளைகள், உதவியாளர் இருந்தால் பன்னிரண்டு. அதற்கு மேல் சேர்த்தால் நீங்கள் கால்களைப் பார்க்க மாட்டீர்கள், கூட்டத்தை மேய்ப்பீர்கள்.

முதல் இரண்டு வாரம் நிற்பதும் விழுவதும் எழுவதும். ஐஸில் விழுந்தால் உடம்பு வழுக்கிப் போய் அடியைக் கரைக்கும். கான்கிரீட்டில் விழுந்த இடத்திலேயே நிற்கும், கையை ஊன்றினால் மணிக்கட்டு உடையும். முழங்காலை மடித்து உடம்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் பிட்டத்தில் உட்காருவது போல விழக் கற்றுக்கொடுங்கள், கை நெஞ்சோடு இருக்கட்டும். ஹெல்மெட், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்பு இல்லாமல் ஆரம்பப் பிள்ளைகள் தரையில் இறங்கக் கூடாது. மூன்றாம் நான்காம் வாரம் ஒற்றைக் கால் உருளல், டி ஸ்டாப். ஒவ்வொரு காலிலும் மூன்று எண்ணும் வரை நேராக நின்றால்தான் அடுத்த படி.

ஐந்தாம் வாரம் முதல் எட்டு வரை 6 மீட்டர் வட்டம், முன் வெளி எட்ஜ். இதுதான் முழு விளையாட்டின் அஸ்திவாரம், அவசரப்பட வேண்டாம். பொதுவாக வட்டம் முதல் பாதியில் சரியாகப் போய், முடியும் இடத்தில் உள்ளே சுருங்கும். பிள்ளை காலடியில் உள்ள கோட்டைப் பார்ப்பதால் தலை தாழ்ந்து, தூக்கிய காலின் பக்க இடுப்பு சீக்கிரம் முன்னே சுழன்றுவிடுகிறது. கோட்டில் இரண்டு மீட்டர் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். பாதி வட்டம் வரை தூக்கிய கால் பின்னாலேயே இருக்கட்டும், பிறகு மெதுவாக முன்னால். தொடக்கத்திலேயே வட்டம் வெளியே ஓடினால் காரணம் தள்ளும் கால்: டோ ஸ்டாப்பால் உதைக்கிறது. நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தால் தள்ளப் பழக்குங்கள்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வாரம் உள் எட்ஜ், பின்னோக்கி ஓடுதல், இருகால் ஸ்பின், த்ரீ டர்னின் முதல் பாதி. "எப்போ மாஸ்டர் ஜம்ப் சொல்லித் தருவீங்க?" என்று பெற்றோர் கேட்பார்கள். பின் வெளி எட்ஜில் அரை வட்டம் நிற்கும் நாள்தான் ஜம்ப் தொடங்கும் நாள் என்று சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இறங்கத் தெரியாதவரை ஏற்றிவிடக் கூடாது.

அடிபட்டால்

மணிக்கட்டோ முழங்கையோ வீங்கினால் பலகையோ மடித்த அட்டையோ வைத்து, இருக்கும் நிலையிலேயே கட்டி, எக்ஸ்ரேவுக்கு அனுப்புங்கள். உருவிவிடவோ நேராக்கவோ கூடாது. நேராகப் புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அதில் விரிசல் விட்டுப் பார்க்காமல் போனால் கை வளைந்தோ குட்டையாகவோ வளரலாம். தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தால் 108.

தொட்டுத் திருத்த வேண்டிய விளையாட்டு இது. பெற்றோர் பார்க்கும் இடத்தில், பிள்ளையிடம் கேட்டுவிட்டு, தோளையும் கையையும் மட்டும். தனியறையில் தனிப் பயிற்சி கிடையாது. உதவியாளருக்கும் இதே விதி. 2012-ன் போக்சோ சட்டப்படி குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

பணம்

ஒரு மாதிரிக் கணக்கு: 24 பிள்ளைகள், மாதம் 2,500 ரூபாய், மொத்தம் 60,000. இட வாடகை 15,000, உதவியாளர் 12,000, சாமான் 3,000 போனால் மிச்சம் 30,000. இதைப் பன்னிரண்டால் பெருக்கிவிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மார்ச்சில் தேர்வு, இந்த நான்கு மாதமும் பாதி வரும். ஏப்ரல், மே சம்மர் கேம்ப் அந்தக் குழியை நிரப்பும், ஆனால் அக்னி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்கு மேல் திறந்தவெளித் தரையில் யாரையும் வைத்திருக்க முடியாது. கட்டணத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே வாங்குவது மழைக்கால வாடகையைக் காப்பாற்றும்.

பள்ளியோடு ஒப்பந்தம் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பேசுங்கள், பிள்ளைக்கு இவ்வளவு என்று வேண்டாம். அவர்கள் டிடிஎஸ் பிடிப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் கூடுதலாகப் பிடித்தது திரும்பும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது.

நடுவர் மேசை

உயர்மட்டத்தில் ஆடியவருக்கு இயல்பாகப் பொருந்துவது டெக்னிக்கல் ஸ்பெஷலிஸ்ட் வேலை: ஆடியவர் எந்த ஜம்ப், எந்த ஸ்பின் செய்தார், சரியாக முடித்தாரா என்று அடையாளம் சொல்வது. பெரிய சம்பளம் இல்லை. ஆனால் விளையாட்டுக்கு உள்ளேயே மரியாதையோடு இருக்கலாம், உங்கள் வகுப்பின் தரமும் உயரும். ஐஎஸ்யு முறையில் ஜம்ப், ஸ்பின் போன்ற ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் தர மதிப்பெண் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை. முழு நிகழ்ச்சியின் தரத்துக்கான காம்பொனென்ட் மதிப்பெண் 2022–23 முதல் மூன்றுதான்: காம்போசிஷன், பிரசன்டேஷன், ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ். ரோலரில் ரோல்ஆர்ட் என்ற தனி முறை, விதிப்புத்தகமும் தனி.

வீட்டிலிருந்தே பழகலாம். ஐஎஸ்யு போட்டிகளின் புரோட்டோகால் தாள்கள், அதாவது விரிவான மதிப்பெண் தாள்கள், பொதுவில் கிடைக்கின்றன. ஒரு நிகழ்ச்சியின் வீடியோவை நிறுத்தாமல் ஓடவிட்டு, எலிமென்ட்களைக் குறியீட்டில் எழுதுங்கள். பிறகு ஜம்ப்களை மட்டும் மெதுவாக ஓட்டி, இறங்கும்போது சுற்று எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள்: சரியாகக் கால் சுற்றா, கால் சுற்றுக்கு மேலா, அரைச் சுற்றோ அதற்கு மேலுமா. மூன்றுக்கும் மூன்று குறி உண்டு. லட்ஸ் என்ற ஜம்பில் கிளம்பும் நொடியில் வெளி எட்ஜ் உள்ளே சாய்ந்ததா என்றும் பாருங்கள். அதன் பிறகே தாளைத் திறந்து ஒப்பிடுங்கள். முதலில் தவறுவது பெரும்பாலும் எட்ஜில். கிளம்பும் காலைப் பார்க்காமல் காற்றில் உள்ள உடம்பைப் பார்ப்பதே காரணம். சொந்த மாணவர் ஆடும் பிரிவில் மேசையில் உட்காரக் கூடாது, அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கப்பலும் ஷோவும்

ஐஸை விட மனமில்லாதவருக்கு இது ஒன்றே நேரான வழி. 1999-ல் ஓடத் தொடங்கிய வாயேஜர் ஆஃப் தி சீஸ் முதல், சில பயணக் கப்பல்களில் சிறிய ஐஸ் ரிங்க் இருக்கிறது. அங்கே மூன்று சுற்று ஜம்பான டிரிபிளைப் பெரும்பாலும் கேட்பதில்லை. தரை சிறிது, கப்பல் ஆடும். தினமும் தவறாமல் வரும் ஆக்ஸல், வேகமான ஸ்பின், குழுவோடு ஒரே தாளத்தில் ஓடும் கால்கள் போதும். ஆடிஷன் வீடியோ மூன்று நிமிடத்துக்குள் இருக்கட்டும், முதல் இருபது நொடியில் உங்கள் சிறந்த ஸ்பின் வந்துவிட வேண்டும்.

மருத்துவச் சான்று, கடல் பாதுகாப்புப் பயிற்சி, அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பலென்றால் சி1/டி விசா, இவையெல்லாம் தேவைப்படும். சென்னையில் கப்பல் வேலை ஏஜென்டுகள் தெருவுக்குத் தெரு உண்டு, போலிகளும் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கப்பல் துறை இயக்குநரகம் தரும் ஆர்பிஎஸ்எல் (கப்பலுக்கு ஆள் சேர்ப்பதற்கான) உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, இயக்குநரகத்தின் தளத்தில் சரிபாருங்கள். உரிமம் பெற்றவர் வேலைக்காக உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு முன்னால் காயம் பற்றிய பகுதியைப் படியுங்கள்: நடுக்கடலில் முழங்கால் போனால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஊர் திரும்பும் டிக்கெட் யாருடையது, சம்பளம் எந்தத் தேதி வரை. இந்த மூன்றும் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தைத் திருத்தி அனுப்பச் சொல்லி, வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.